ஈரப் பஞ்சில் ஒரு பயறு: மழலையர் வகுப்பறைக்கு வசந்தம் வந்த வரலாறு

நம் ஊர் மழலையர் பள்ளி எதற்குள் நுழைந்தாலும் சுவரில் பருவங்களின் படம் ஒன்று தொங்கும். நான்கு கட்டங்கள். வசந்தம் என்ற கட்டத்தில் சிவப்பும் மஞ்சளுமாக டூலிப் பூக்கள். அந்த வகுப்பில் இருக்கும் எந்தக் குழந்தையும் அந்தப் பூவைப் பார்த்திருக்காது, பாடம் நடத்தும் டீச்சரும் பார்த்திருக்கமாட்டார். அதே வகுப்பின் ஜன்னல் திட்டில் ஒரு தேங்காய்ச் சிரட்டை இருக்கும். அதில் நனைத்த பஞ்சு, பஞ்சின்மேல் நாலைந்து பச்சைப்பயறு. இரண்டாம் நாள் தோல் வெடித்து வெள்ளையாக வேர் எட்டிப் பார்க்கும்போது வகுப்பே அந்த ஜன்னலுக்கு ஓடும்.

படம் இரவல் என்பது பார்த்தவுடனே தெரிகிறது. பயறு நம்முடையது. ஆனால் பயற்றை வகுப்பறைக்குள் கொண்டுவந்து, 'பார், தொடு, தண்ணீர் ஊற்று, நாளைக்கு என்ன ஆகும் சொல்' என்று மூன்று வயதுக் குழந்தையிடம் கேட்கும் வழக்கத்துக்கு ஏறக்குறைய 180 ஆண்டு வரலாறு உண்டு. பி.எட். தேர்வுக்குப் படிப்பவர்கள் அந்த வரலாற்றை இரண்டு மூன்று ஆண்களின் பெயராக மனப்பாடம் செய்கிறார்கள். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் விதை வாங்கியவர்கள், மண் கிளறியவர்கள், தவளை முட்டையைப் புட்டியில் கொண்டுவந்தவர்கள், அதற்காக அரசோடும் பல்கலைக்கழகத்தோடும் மோதியவர்கள் பெரும்பாலும் பெண்கள். 'சின்னப் பிள்ளைகளோடு விளையாடும் வேலை' என்று இன்றும் மலிவாக மதிப்பிடப்படும் அந்த உழைப்பின் கதையைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

தோட்டம் என்ற சொல்

ஃப்ரெடரிக் ஃப்ரோபெல் 1782-இல் ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். ஒரு வயது நிறையும் முன்பே தாயை இழந்தார். இளம் வயதில் வனத்துறை வேலை பழகினார், பின்னர் படிகங்களை ஆராய்ந்தார், இடையில் ஆசிரியரானார். 1840-இல் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் தன் நிறுவனத்துக்குக் 'கிண்டர்கார்டன்' என்று பெயரிட்டார். குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். அவர் அதை வெறும் உருவகமாகச் சொல்லவில்லை. கிண்டர்கார்டன் என்றால் அங்கே உண்மையான தோட்டம் இருக்க வேண்டும் என்றார். ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாக ஒரு சிறு பாத்தி, அதைச் சுற்றி எல்லோருக்கும் பொதுவான பாத்திகள். தன் பாத்தியில் குழந்தை தன் விருப்பப்படி விதைக்கலாம். வாடவிட்டால் வாடும். பொதுப் பாத்தியை எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். பனி உருகி மண் இளகும் ஜெர்மானிய வசந்தம் இந்தத் தோட்டத்தின் தொடக்கப் பருவம். வகுப்பறை வசந்தத்தின் பிறப்பிடம் இதுதான்.

இந்தத் தோட்டத்தை நடத்துவது யார்? 1840-இல் ஃப்ரோபெல் பணமும் ஆதரவும் கேட்டு வேண்டுகோள் விடுத்தது ஜெர்மனியின் பெண்களிடம். சிறு குழந்தையின் அறிவை வளர்ப்பதற்கு முறையான பயிற்சி தேவை, அந்தப் பயிற்சி பெண்களுக்குக் கொடுக்கப்பட வேண்டும் என்றார். இன்று இது சாதாரணமாகத் தோன்றலாம். அன்றைய ஜெர்மனியில் பல்கலைக்கழகக் கதவு பெண்களுக்கு அடைத்திருந்தது. நடுத்தர வர்க்கப் பெண்ணுக்குத் திருமணத்தை விட்டால் உறவினர் வீட்டில் ஒண்டியிருப்பதுதான் மிஞ்சும். அவர்களிடம் ஒருவர் வந்து, உன் வேலை ஒரு அறிவுத்துறை, அதற்குப் படிப்பு உண்டு, சான்றிதழ் உண்டு, சம்பளம் உண்டு என்று சொன்னார். பெண்கள் திரண்டு வந்தார்கள். 1848-49-இல் ஜெர்மனி முழுவதும் மக்களாட்சிக் கிளர்ச்சி மூண்டபோது, பெண்கள் சங்கங்கள் பல நகரங்களில் கிண்டர்கார்டன்களைத் தொடங்கின.

விதைப்பு ஆபத்தானதாக இருந்த காலம்

கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. 1851 ஆகஸ்ட் 7 அன்று பிரஷ்ய அரசின் கல்வி அமைச்சர் கார்ல் ஃபான் ரௌமர் கிண்டர்கார்டன்களைத் தடை செய்தார். இளம் தலைமுறையை நாத்திகத்துக்குப் பழக்கும் சோசலிசத் திட்டத்தின் ஒரு பகுதி இது என்பது குற்றச்சாட்டு.

கல்வி வரலாற்று நூல்கள் இதை ஒரு வேடிக்கையான ஆள்மாறாட்டமாகச் சொல்லிவிட்டுப் போகின்றன. ஃப்ரோபெலின் அண்ணன் மகன் கார்ல் ஃப்ரோபெல் எழுதிய சிறு நூலை அமைச்சர் ஃப்ரோபெல் எழுதியதாக நினைத்துவிட்டார் என்பார்கள். அந்தச் சிறு நூல் எதைப் பற்றியது என்று கேட்டால்தான் விஷயம் விளங்கும். அது பெண்களுக்கான உயர்கல்லூரிகளையும் கிண்டர்கார்டன்களையும் பற்றியது. 1850-இல் ஹாம்பர்க் நகரில் எமிலி வூஸ்டன்ஃபெல்டும் அவருடைய தோழியரும் பெண்களுக்கென்று ஓர் உயர்கல்லூரி தொடங்கினார்கள். அதை நடத்தக் கார்ல் ஃப்ரோபெலையும் அவர் மனைவி ஜோஹன்னாவையும் அழைத்தார்கள். கிண்டர்கார்டன் பயிற்சி அங்கே பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. குழந்தைக்கு விதை ஊன்றக் கற்பிப்பவள் தானும் படிக்க வேண்டும், படித்தவள் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்பதே அந்தக் கல்லூரியின் எண்ணம். அரசியல் நெருக்கடியும் பணத் தட்டுப்பாடும் சேர்ந்து 1852-இல் அதை மூடவைத்தன. அதே ஆண்டு ஃப்ரோபெலும் இறந்தார்.

ஆகவே அமைச்சர் ஆளைத்தான் மாற்றிப் பிடித்தார். தான் எதைக் கண்டு அஞ்சினார் என்பதில் அவருக்குக் குழப்பம் இருந்திருக்காது. ஒரு பாத்தியும் நான்கு விதையும் அரசைக் கவிழ்க்கப்போவதில்லை. பெண்கள் கூடிப் பணம் திரட்டி, நிறுவனம் தொடங்கி, அங்கே சம்பளத்துக்கு வேலை செய்வது வேறு விஷயம்.

பிரஷ்யத் தடை 1860-இல் விலக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் இந்தக் கல்விமுறை உயிரோடு இருந்ததற்குப் பெரும் காரணம் பெர்த்தா ஃபான் மாரென்ஹோல்ட்ஸ்-பூலோ. பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்த அவர் லண்டன், பாரிஸ் என்று நாடு நாடாகப் போய்ப் பேசினார், எழுதினார், பயிற்சி அளித்தார். ஜெர்மனியிலிருந்து புலம்பெயர்ந்த மார்கரெத்தா ஷூர்ஸ் 1856-இல் அமெரிக்காவின் வாட்டர்டவுனில் தன் வீட்டில் ஒரு கிண்டர்கார்டன் நடத்தினார். 1860-இல் பாஸ்டனில் எலிசபெத் பீபடி ஆங்கிலத்தில் ஒன்றைத் தொடங்கினார். தடை செய்யப்பட்ட விதை பெண்களின் மூட்டைமுடிச்சுகளோடு கடல் கடந்தது.

மாதம் ஒரு பொருள்

இன்று 'இந்த மாதக் கருப்பொருள்: செடிகள்' என்று பலகையில் எழுதும் முறையைச் செம்மைப்படுத்தியவர் ஹென்ரியெட்டா ஷ்ராடர்-பிரைமான். 1827-இல் பிறந்தவர், ஃப்ரோபெலுக்கு உறவு, அவரிடமே பயின்றவர். ஃப்ரோபெல் இறந்த பிறகு சீடர்கள் பலர் அவருடைய மரக்கட்டைகளையும் பந்துகளையும் மந்திரம்போல வரிசை மாறாமல் கையாண்டுகொண்டிருந்தார்கள். ஹென்ரியெட்டாவுக்கு அது சலித்தது. 1870-களில் பெர்லினில் தொழிலாளர் குடும்பக் குழந்தைகளுக்காக அவர் தொடங்கிய கிண்டர்கார்டனும், அதிலிருந்து வளர்ந்த பெஸ்டலோசி-ஃப்ரோபெல் இல்லமும் வேறு வழியில் சென்றன. மாதம் ஒரு பொருள். பருவத்துக்கு ஏற்ற ஒரு செடியோ விலங்கோ எடுத்துக்கொள்ளப்படும். அதை வளர்ப்பது, பராமரிப்பது, வரைவது, அதைப் பற்றிப் பாடுவது, கதை கேட்பது, சமைக்கத் தக்கதென்றால் பிள்ளைகளே உரித்துச் சமைப்பது என்று எல்லா வேலையும் அந்த ஒன்றைச் சுற்றி நடக்கும். அவியல் செய்வதும் பாத்திரம் கழுவுவதும் கல்விக்குள் வந்தன. வீட்டில் பெண்கள் செய்யும் வேலைக்குள் அறிவியல் இருக்கிறது என்பதை ஒரு பாடத்திட்டமாக அவர் மாற்றிக்காட்டினார்.

அவருடைய இன்னொரு கருத்து நம்மை நின்று யோசிக்க வைக்கிறது. 'மனத்தின் தாய்மை' என்று அதைச் சொல்லலாம். பிள்ளை பெற்றால்தான் தாய் என்பதில்லை. பேணும் ஆற்றல் எல்லாப் பெண்களிடமும் உண்டு, அது வீட்டுக்குள் முடங்காமல் சமூகத்துக்குப் பயன்பட வேண்டும் என்றார் அவர். இந்தக் கருத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு தலைமுறைப் பெண்கள் வீட்டு வாசலைத் தாண்டினார்கள். திருமணம் செய்துகொள்ளாத பெண்ணுக்கு மரியாதையான ஒரு தொழிலும் ஓர் அடையாளமும் கிடைத்தன.

அதே வாசல் அவர்களை உள்ளேயும் அடைத்தது. பேணுவது பெண்ணின் இயல்பு என்றால், இயல்பாக வருவதற்கு எதற்கு முழுச் சம்பளம்? அன்பால் செய்வதற்கு எதற்குப் பணிநிரந்தரம்? ஜெர்மனியில் 1880 முதல் பள்ளி ஆசிரியைகள் திருமணம் செய்தால் வேலையை விட்டுப் போக வேண்டும் என்ற விதி இருந்தது. 1919-இன் வைமார் அரசமைப்புச் சட்டம்தான் அதை நீக்க முன்வந்தது. ஊரார் பிள்ளைக்குத் தாயாக இருக்க வேண்டியவள் தன் பிள்ளைக்குத் தாயாகக் கூடாது. தாய்மையை ஏற்றிப் புகழும் சமூகம் அதற்கு விலை வைப்பதற்கு மட்டும் ஏன் இவ்வளவு தயங்குகிறது என்ற கேள்வி அப்போதே பிறந்துவிட்டது.

தவளை முட்டையும் பேராசிரியர் பதவியும்

1890-களில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் விவசாயம் நொடித்துப்போனது. இளைஞர்கள் கிராமத்தை விட்டு நகரத்துக்கு ஓடினார்கள். பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே மண்ணின்மேல் பிடிப்பு வர வேண்டும் என்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் உதவியோடு கிராமப் பள்ளிகளில் இயற்கைப் பாடம் தொடங்கப்பட்டது. அதன் மைய ஆளுமை அன்னா பாட்ஸ்ஃபோர்ட் காம்ஸ்டாக். பூச்சிகளை வரைவதில் தேர்ந்தவர். ஒரே அறையில் எல்லா வகுப்பையும் நடத்தும் கிராமத்து ஆசிரியைக்கு எது கையில் கிடைக்கும் என்று யோசித்து அவர் பாடங்களை எழுதினார். குட்டைத் தண்ணீரில் தவளை முட்டை, ஜாடியில் தலைப்பிரட்டை, தண்ணீர்ப் புட்டியில் நிறுத்திய கிளையில் மொட்டு விரிதல், வேலியோரக் களைச்செடி. ஆசிரியை எல்லாம் தெரிந்தவளாக இருக்க வேண்டியதில்லை, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கட்டும் என்பது அவர் முறை. 1911-இல் இந்தப் பாடங்கள் ஒரே கையேடாக வந்தன. பதிப்புமேல் பதிப்பு கண்ட அந்தக் கனமான புத்தகம் இன்றும் அச்சில் இருக்கிறது.

1898-இல் கார்னெல் அவருக்கு உதவிப் பேராசிரியர் பதவி தந்தது. பல்கலைக்கழக அறங்காவலர்கள் சிலருக்குப் பெண் பேராசிரியர் என்ற சொல் பொறுக்கவில்லை. பதவி விரிவுரையாளராகக் குறைக்கப்பட்டது. வேலை குறையவில்லை. உதவிப் பேராசிரியர் பதவி அவருக்குத் திரும்பக் கிடைத்தது 1913-இல். முழுப் பேராசிரியரானது 1920-இல், ஓய்வுபெறும் வயதில். ஆயிரக்கணக்கான வகுப்பறைகளில் தவளை முட்டை பொரிந்துகொண்டிருந்தபோது அந்தப் பாடத்தை எழுதியவர் பதவிக்காகக் காத்திருந்தார்.

இந்தக் கதையில் எல்லாப் பெண்களும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. அமெரிக்கக் கிண்டர்கார்டன்களின் கதவு கறுப்பினக் குழந்தைகளுக்குப் பல ஊர்களில் மூடியிருந்தது. 1896-இல் மேரி சர்ச் டெரல் தலைமையில் உருவான கறுப்பினப் பெண்கள் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு கிண்டர்கார்டன்களைத் தன் முதல் வேலைகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டது. 1905-இல் அட்லாண்டாவில் லுகினியா பர்ன்ஸ் ஹோப் முதலியோர் சேர்ந்து இலவசக் கிண்டர்கார்டன் சங்கம் அமைத்தார்கள். அங்கே வந்தவர்கள் வெள்ளையர் வீடுகளில் துணி துவைத்தும் சமைத்தும் பிழைத்த பெண்களின் பிள்ளைகள். பிறர் குழந்தையைப் பேணும் வேலைக்குப் போன தாயின் குழந்தையை யார் பேணுவது என்ற கேள்விக்கு அந்தப் பெண்கள் தாங்களே விடை தேடினார்கள்.

சேரிக்குள் ஒரு தோட்டம்

லண்டன் டெட்ஃபோர்டில் கேள்வி இன்னும் கூர்மையாக இருந்தது. வெயில் படாத நெருக்கமான குடியிருப்புகளில் வளர்ந்த குழந்தைகளின் எலும்பு வளைந்திருந்தது. 1914-இல் ரேச்சல், மார்கரெட் மெக்மில்லன் சகோதரிகள் அங்கே திறந்தவெளி மழலையர் பள்ளி தொடங்கினார்கள். ஒரு பக்கம் திறந்த கொட்டகைகள், சுற்றிலும் தோட்டம். சோசலிச இயக்கத்திலிருந்து வந்த இவர்களுக்கு வசந்தம் என்பது காகிதப் பூ ஒட்டும் வேலையாக இருக்கவில்லை. குளியல், சாப்பாடு, உறக்கம், வெயில், மண், மூலிகைச் செடி எல்லாம் சேர்ந்ததே பாடம். பணக்காரக் குழந்தைக்குத் தோட்டம் பிறப்போடு வருகிறது, ஏழைக் குழந்தைக்கு அதைப் பொதுச் செலவில் கொடுக்க வேண்டும் என்பதே அவர்களின் வாதம். 1917-இல் ரேச்சல் இறந்தார். மார்கரெட் தொடர்ந்து நடத்தினார். சின்னப் பிள்ளைகளுக்குத்தானே என்று பயிற்சியில்லாத இளம்பெண்களைக் குறைந்த கூலிக்கு வைப்பதை அவர் ஒப்பவில்லை. மழலையர் ஆசிரியைக்கு மூன்று ஆண்டுப் பயிற்சி வேண்டும் என்று வாதாடினார். அக்காவின் பெயரில் 1930-இல் பயிற்சிக் கல்லூரிக் கட்டடம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மார்கரெட்டும் மறைந்தார்.

கோடைக்கானலும் போர்டியும்

1939 நவம்பரில் மரியா மாண்டிசோரி மகன் மரியோவுடன் சென்னைக்கு வந்தார். ருக்மிணி தேவியும் ஜார்ஜ் அருண்டேலும் அழைத்திருந்தார்கள். அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் பயிற்சி தொடங்கியது. அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் ஆங்கில அரசு மரியோவைக் காவலில் வைத்தது, மாண்டிசோரியின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தியது. அவருடைய எழுபதாவது பிறந்தநாளான 1940 ஆகஸ்ட் 31-ஐ ஒட்டி மகன் விடுவிக்கப்பட்டார். போர் ஆண்டுகளில் கணிசமான காலம் அவர்கள் கோடைக்கானலில் தங்கினார்கள். அங்கே நடத்திய சிறு பள்ளியில், மலைச்சரிவின் இலையையும் பாசியையும் பூச்சியையும் கையில் எடுத்துக் கொடுத்து, செடிகொடிகள் பற்றியும் விலங்குகள் பற்றியும் பல பாடங்கள் உருவாயின. அந்த வேலையில் உடன் இருந்தவர் இலங்கையைச் சேர்ந்த லேனா விக்கிரமரத்ன. மாண்டிசோரியின் பெயர் உலகுக்கே தெரியும். லேனாவின் பெயர் மாண்டிசோரி வட்டத்துக்கு வெளியே ஒலிப்பதேயில்லை.

நம் நாட்டில் இந்தக் கல்வியை ஏழைகளின் வாசலுக்குக் கொண்டுபோனவர்கள் இன்னும் இரண்டு பெண்கள். தாராபாய் மோடக், கிஜுபாய் பதேகாவோடு சேர்ந்து குழந்தைக் கல்விச் சங்கம் கண்டவர். அனுதாய் வாக், பதின்மூன்று வயதில் மணம் முடிக்கப்பட்டுச் சில மாதங்களில் விதவையானவர். இருவரும் 1945-இல் மகாராஷ்டிரக் கடலோரம் போர்டிக்குப் போனார்கள். வார்லி ஆதிவாசிக் குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை. எனவே பள்ளியைக் குடிசை முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள். மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக மேய்ச்சல் வெளியிலேயே பள்ளி நடத்தினார்கள். விலை கொடுத்து வாங்கும் மரக்கட்டைகளுக்குப் பதிலாகக் கூழாங்கல், கிளிஞ்சல், விதை, இலை. முற்றத்தில் நடந்த அந்தப் பள்ளிக்கு 'அங்கன்வாடி' என்று பெயர். அங்கன் என்றால் முற்றம். வாடி என்ற சொல்லுக்கு மராத்தியில் தோட்டம் என்றும் பொருள் உண்டு. ஃப்ரோபெலின் தோட்டம் குடிசை முற்றத்தில் மறுபடி முளைத்தது.

நம் இளவேனில்

1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியபோது அரசு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. அந்தப் பெண்களின் உழைப்பை என்ன பெயரிட்டு அழைத்தது? 'கௌரவப் பணியாளர்.' கொடுப்பது சம்பளம் ஆகாது, மதிப்பூதியம். 2018-இல் ஒன்றிய அரசு அதை மாதம் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ஆக உயர்த்தியது. உதவியாளருக்கு 2,250. மாநில அரசுகள் தம் பங்கைச் சேர்த்துத் தருகின்றன. தமிழ்நாட்டில் அதற்குச் சிறப்புக் காலமுறை ஊதியம் என்று பெயர். 'சிறப்பு' என்ற அந்த ஒட்டுச்சொல் போக வேண்டும், முறையான காலமுறை ஊதியம் வேண்டும் என்று பெண்கள் ஆண்டுக்கணக்காகத் தெருவில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2022 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. ஹென்ரியெட்டாவின் காலத்தில் பிறந்த கேள்வி ஒன்றரை நூற்றாண்டு கடந்து நம் நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தது.

தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டம் மாதத்துக்கு ஒரு கருப்பொருள் என்று செல்கிறது. அதைக் கையில் எடுக்கும்போது பெர்லினில் ஒரு பெண் யோசித்த முறையின் தொடர்ச்சியில் நாம் நிற்கிறோம். தொடர்ச்சி என்றால் டூலிப் படத்தையும் தொடர வேண்டும் என்பதில்லை. நமக்கு ஆறு பருவங்கள். இளவேனில் சித்திரையும் வைகாசியும். பங்குனியிலேயே அது வாசலுக்கு வந்துவிடுகிறது. புங்கமரம் பழைய இலையைக் கொட்டிவிட்டுப் பளபளவென்று தளிர்க்கும். இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறக்கும். வேம்பு பூத்துக் கொட்டும். மா பிஞ்சு விடும். குயில் விடாமல் கூவும். பள்ளிகள் கோடை விடுமுறைக்கு மூடுவதற்கு முன்னால் கிடைக்கும் சில வாரங்கள் போதும். வேப்பம்பூவைப் பொறுக்கி எண்ணலாம், முகரலாம், நாக்கில் வைத்துக் கசப்பை அறியலாம். இலவம்பஞ்சை ஊதிவிட்டு விதை எங்கே போகிறது என்று துரத்தலாம். புங்கந்தளிரையும் முற்றிய இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தடவிப் பார்க்கலாம்.

முளைக்க வைக்கும் வித்தையும் நமக்குப் புதிதில்லை. முளைப்பாரி போடும் பெண்களுக்கு எந்தப் பயறு எத்தனை நாளில் எவ்வளவு உயரம் வரும், இருட்டில் வைத்தால் ஏன் வெளிறி நெடுநெடுவென்று வளரும் என்பதெல்லாம் கைப்பழக்கம். அது ஒரு தாவரவியல். கோயில் திருவிழாவில் அதைச் சுமக்கும் தலைகளைச் சாதி பார்த்துப் பிரித்த ஊர்கள் உண்டு என்பதையும் மறந்துவிட முடியாது. அங்கன்வாடியின் சிரட்டைக்கு அந்தக் கணக்கு கிடையாது. எந்தத் தெருப் பிள்ளை தண்ணீர் ஊற்றினாலும் பயறு முளைக்கும். அதே ஜன்னலடியில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் முண்டியடித்து நிற்பது, சில ஊர்களில் அவர்கள் ஒன்றாக நிற்கும் முதல் இடமாக இருக்கக்கூடும்.

அந்தச் சிரட்டையைத் தேடிக் கழுவிவைத்தவர், பஞ்சைத் தன் காசில் வாங்கியவர், சனி ஞாயிறு காயாமல் இருக்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடுதலாகத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனவர் ஒரு பெண். குழந்தைகளின் எடை குறிப்பது, சத்துமாவு கணக்கெழுதுவது, தேர்தல் வேலைக்குப் போவது என்று ஏற்கெனவே நிரம்பி வழியும் நாளில் அவர் இதையும் செய்கிறார். அடுத்த முறை உங்கள் ஊர் அங்கன்வாடியின் ஜன்னலில் ஒரு முளையைப் பார்த்தால் அவர் பெயரைக் கேளுங்கள். பிறகு சம்பளம் எவ்வளவு என்றும் கேளுங்கள்.